பச்சையப்பன் கைபேசிக்கு வராத அறிவிப்பு

ஒதியம்பட்டு
6 நவம்பர் 2025

தமிழ்,

என் நம்பரை ப்ளாக் செய்திருக்கிறாய். மெயில் போட்டேன், பதில் இல்லை. அதனால்தான் தபால். கடைசியாக எப்போது கையால் கடிதம் எழுதினேன் என்று நினைவில்லை. கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

போன வியாழக்கிழமை உன் அப்பாவின் இறுதிச் சடங்குக்கு வந்தேன். உன் மாமா தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார். "இப்ப நீ உள்ள வராதம்மா. உன்னப் பாத்தா அவன் இன்னா பண்ணுவான்னு எங்களுக்கே தெரியல" என்றார். மாலையை அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அதை அப்பாவுக்குப் போட்டார்களா என்று தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் கல்லறைத் திருநாள். எங்கள் தாத்தா, சித்தப்பா கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, பச்சையப்பன் என்று உன் அப்பா பெயரைச் சொல்லி ஒன்று தனியாக ஏற்றினேன்.

நீ என்மேல் கோபமாக இருப்பாய் என்று தெரியும். 'கரை'யை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம். மேலே அணையில் தண்ணீர் திறந்தால் ஆற்றோரத்தில் நிலம் வைத்திருக்கிறவர்கள் உடனே தெரிந்துகொள்ள வேண்டும், அதற்கு ஒரு வெப் ஆப், அதைத் திறந்து வைத்திருக்கிறவர் போனில் அந்த நொடியே மணி அடிக்க வேண்டும் என்று நீ சொன்னாய், நான் எழுதினேன். நீ வீடு வீடாகப் போய் இருநூற்று நாற்பத்து மூன்று பேர் போனில் அதைத் திறந்து வைத்தாய். அப்பாவின் போன்தான் முதல் போன்.

அக்டோபர் 28ஆம் தேதி காலை 10.41க்கு அணையிலிருந்து தகவல் வந்தது. அடுத்த நொடியே அறிவிப்பு போய்விட்டது. சர்வரில் பதிவு இருக்கிறது. விவசாயிகள் சங்கத்திலிருந்து சிவப்பிரகாசம் ஐயா எழுத்தில் கேட்டதால், "243 பயனாளர்களுக்கும் காலை 10.41 மணிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இதைச் சொன்னால் உனக்குக் கொஞ்சமாவது மனம் ஆறும் என்று நினைத்து எழுதுகிறேன். நம் பக்கம் தவறு இல்லை.

செலின்


செலியமேடு
11 நவம்பர் 2025

செலின் மேரி அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. மாலையை அப்பாவுக்குப் போட்டார்கள்.

தாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பேப்பரைப் பற்றித்தான் எழுதுகிறேன். எட்டாம் தேதி பால் சொசைட்டிக் கட்டடத்தில் சங்கக் கூட்டம் நடந்தது. அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். சிவப்பிரகாசம் ஐயா எழுந்து அந்தப் பேப்பரைப் படித்தார். படித்து முடித்துவிட்டு, "எல்லாருக்கும் மெசேஜ் போயிருக்கு. பச்சையப்பன் அண்ணன் பாத்துட்டும் மோட்டார எடுக்கலாம்னு ஆத்துல எறங்கிட்டாரு. நம்ம ஆளு, இன்னா சொல்றது" என்றார். ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள்.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாங்க. "இன்னாடா சொல்றாங்க இவங்க? தண்ணி வருதுன்னு தெரிஞ்சும் உங்கப்பன் போயி செத்தாராமா? ஒரு மோட்டாருக்கோசரமா?"

மூன்று நாளில் அது ஊர் முழுக்கப் பரவிவிட்டது. டீக்கடையில் பேசுகிறார்கள். பேராசைக்காரன் என்று ஒருவன் சொன்னதை என் காதால் கேட்டேன். முப்பத்தெட்டு வருஷம் அந்த ஆற்றோரம் பயிர் வைத்த ஆள் எங்க அப்பா. கலங்கல் தண்ணி இரண்டு விரல் ஏறினாலே மாட்டை ஓட்டிக்கொண்டு மேலே வந்துவிடுவார்.

இன்னொன்று சொல்ல வேண்டும். அப்பா போன் தண்ணியில் போகவில்லை. மோட்டார் கொட்டகை ஆணியில் ஒயர் கூடை தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் சாப்பாட்டு டப்பா, சட்டை, போன். கொட்டகை மேட்டில் இருப்பதால் தண்ணி அதுவரை ஏறவில்லை. உடல் கிடைத்த மறுநாள் சார்ஜ் போட்டுத் திறந்து பார்த்தேன். 'கரை' திறந்துதான் இருந்தது. மூலையில் அறிவிப்பு மணிப் படம் இருந்தது. மணிக்குப் பக்கத்தில் எண் ஒன்றும் இல்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கடைசியாக இருந்தது அக்டோபர் 19ஆம் தேதி அறிவிப்பு.

என் கேள்வி ஒன்றுதான். அனுப்பினீர்கள் சரி. வந்து சேர்ந்ததா?

இப்படிக்கு,
ப. தமிழ்க்குமரன்


ஒதியம்பட்டு
14 நவம்பர் 2025

தமிழ்,

அந்தப் பேப்பரை அப்படிப் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நீ கேட்டதை ஒரு வரியில் சொல்ல முடியாது. சர்வர் பதிவை முழுக்கப் பார்க்க வேண்டும். கம்பெனி வேலை இந்த வாரம் அதிகம். நெட்வொர்க் காரணமாக இருக்கலாம், அந்தப் பக்கம் டவர் எப்போதுமே கொஞ்சம் சரியில்லை. போனின் பேட்டரி சேமிப்பு காரணமாகவும் இருக்கலாம். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

என்னை 'தாங்கள்' என்று எழுதாதே. கல்லூரியில் முதல் நாளிலிருந்து நாம் அப்படிப் பேசியதில்லை.

செலின்


செலியமேடு
17 நவம்பர் 2025

செலின் மேரி அவர்களுக்கு,

டவர் என்கிறீர்கள், பேட்டரி என்கிறீர்கள். நான் டவரைக் கேட்கவில்லை. 12ஆம் தேதி கருமாதி முடிந்தது. காரியம் செய்ய வந்த அய்யர்கூட என்னிடம், "ஏம்பா, தகவல் வந்தும் போனாராமே?" என்று கேட்டார். உங்களுக்கு வேலை அதிகம் என்றால் இருக்கட்டும்.

ப. தமிழ்க்குமரன்


ஒதியம்பட்டு
20 நவம்பர் 2025

தமிழ்,

வந்து சேரவில்லை.

இந்த இரண்டு வார்த்தை எழுத எனக்கு ஒரு வாரம் ஆனது. பதிவைப் பார்க்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. மீதி நேரமெல்லாம் எப்படி எழுதாமல் இருக்கலாம் என்று யோசித்தேன். போன கடிதத்தில் நான் சொன்னதெல்லாம் அதற்காகத்தான்.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன், அம்மாவுக்கும் நீ சொல்ல வேண்டியிருக்கும். ஒருவர் 'கரை'யைத் திறந்து வைத்திருக்கும்போது அவர் போனுக்கும் நம் சர்வருக்கும் நடுவில் ஒரு இணைப்பு இருந்துகொண்டே இருக்கும். போன் பேசும்போது லைனில் இருப்பது மாதிரி. அந்த இணைப்பு இருக்கும்வரை நாம் சொல்வது அந்த நொடியே அங்கே கேட்கும். ஆனால் திரையை அணைத்துப் பையில் போட்டால் கொஞ்ச நேரத்தில் போன் அந்தப் பக்கத்தைத் தூங்க வைத்துவிடும். இணைப்பு அறுந்துவிடும். நாம் பேசிக்கொண்டே இருப்போம், அந்தப் பக்கம் ஆள் இருக்காது.

அப்பா போனின் இணைப்பு அன்று காலை 9.52க்கு அறுந்திருக்கிறது. சட்டையைக் கழற்றிக் கூடையில் வைத்த நேரமாக இருக்கும். அறிவிப்பு போனது 10.41க்கு. அந்த நேரத்தில் இணைப்பில் இருந்தவை நூற்றுப் பன்னிரண்டு போன்கள் மட்டும். மீதி நூற்று முப்பத்தொரு பேருக்கு எதுவும் போகவில்லை. சர்வர் அவர்கள் பெயருக்கு நேராகவும் 'அனுப்பப்பட்டது' என்று எழுதிவைத்தது. அப்படி எழுதச் சொல்லி வைத்தது நான். போன் வாங்கிக்கொண்டதா என்று திரும்பக் கேட்கிற வேலையை நான் செய்யவே இல்லை. விட்டுப்போனதை அடுத்த தடவை திறக்கும்போது எடுத்துக் காட்டுகிற வேலையையும் செய்யவில்லை. அதனால்தான் நீ திறந்தபோதும் மணி காலியாக இருந்தது.

மற்றவர்கள் தப்பித்தது, பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொன்னதால். உங்கள் நிலம் ஆற்று வளைவுக்கு அந்தப் பக்கம். கூப்பிட்டாலும் கேட்காது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதைச் சொல்லாமல் விட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. செப்டம்பரில் இருபது போன்களை வைத்துச் சோதித்தோமே, அப்போதே எனக்கு இது தெரிந்துவிட்டது. ஏழு போன்களில் வரவில்லை. உன்னிடம் சொல்லவில்லை. "மழைக்கு முன்னால் சரிசெய்ய வேண்டும்" என்று நோட்டில் எழுதி வைத்தேன். பிறகு கம்பெனியில் வேறு வேலை வந்தது. மழையும் வந்தது.

சிவப்பிரகாசம் ஐயாவிடம் போனில் பேசினேன். "விட்டுடும்மா, இப்ப அத மாத்தி எழுதினா உனக்குத்தான் சிக்கல். போன உயிர் திரும்பி வரப்போவுதா?" என்றார். நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். 23ஆம் தேதி ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்ததும் கிளம்பி, பதினோரு மணிக்கெல்லாம் பால் சொசைட்டிக்கு வந்துவிடுவேன். எல்லார் முன்னாலும் சொல்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா. மாமாவிடம் சொல்லி என்னைத் தெருமுனையில் நிறுத்தாமல் பார்த்துக்கொள்.

செலின்


செலியமேடு
27 நவம்பர் 2025

செலின்,

நீ பேசிக்கிட்டிருக்கும்போதே நான் எழுந்து போயிட்டேன். நீ சொன்னதைத் தாங்க முடியாமல் போனேன்னு நினைச்சிருப்பே. அது இல்லை.

நீ அவ்வளவு பேருக்கு நடுவுல நின்னு, "பச்சையப்பன் ஐயா அந்த அறிவிப்பைப் பார்க்கவே இல்லை. அது அவருக்கு வரவே இல்லை. வராததுக்குக் காரணம் நான்"னு சொன்னே. யாரோ பின்னாடியிலேர்ந்து, "தெரிஞ்சேவா வுட்ட?"ன்னு கத்தினான். "ஆமாம்"னே. அந்த 'ஆமாம்' கேட்டதுக்கு அப்புறம் என்னால அங்க உட்கார முடியலை. ஏன்னா அடுத்து எழுந்து நிற்க வேண்டியது நான். எழுந்தேன், ஆனா வாசல் பக்கம் போயிட்டேன்.

அன்னிக்கு 10.41க்கு நான் திருபுவனை கம்பெனில டீ பிரேக்ல இருந்தேன். 'கரை' என் கையிலதான் திறந்திருந்தது. நீ சொன்ன நூற்றுப் பன்னிரண்டு போன்ல ஒண்ணு என்னோடது. அறிவிப்பு வந்தது, செலின். மணி அடிச்சுது. சிவப்பா வந்து நின்னுது. 'அணை திறப்பு, கரையோரம் இருப்பவர்கள் உடனே மேலே வரவும்.' நீயும் நானும் உட்கார்ந்து எழுதின வாசகம்.

பக்கத்துல ராமு இருந்தான், என்கூட அதே மிஷின்ல வேலை செய்யறவன். அவன்கிட்ட போனைக் காட்டினேன். "பாருடா, இப்ப எங்க ஊர்ல எல்லாரும் இத பாத்துட்டிருப்பாங்க"ன்னேன். பெருமையா இருந்தது எனக்கு. "உங்கப்பாவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லேன்"னான். "எதுக்கு? அவருக்கும் இதே செகண்டு வந்திருக்கும்"னேன். டீயைக் குடிச்சிட்டு உள்ள போயிட்டேன்.

ஆத்துல தண்ணி வந்தது பதினொன்றரைக்கு. ஒரு போன் போடறதுக்கு நாற்பத்தொன்பது நிமிஷம் இருந்தது. நான் போட்டிருந்தா கூடையில மணி அடிச்சிருக்கும். அடிச்சா எடுத்திருப்பாரு. எங்க அப்பா என் போனை எடுக்காம விட்டதே கிடையாது.

உனக்கு 'தாங்கள்'னு எழுதும்போதெல்லாம் இது எனக்குத் தெரியும். உன்னைத் திட்டற வரைக்கும்தான் எனக்கு மூச்சு விட முடிஞ்சுது. வந்து சேர்ந்ததான்னு உன்னைக் கேட்டேனே, எனக்கு வந்து சேர்ந்ததை நான் யார்கிட்டயும் சொல்லலை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மாகிட்ட சொன்னேன். புளி கொட்டை எடுத்துக்கிட்டிருந்தாங்க. கேட்டாங்க. கையை நிறுத்தலை. எல்லாக் கொட்டையும் எடுத்து முடிச்சிட்டு உள்ள போயிட்டாங்க. அதுலேர்ந்து என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. சோறு போடறாங்க, துணி மடிச்சு வைக்கறாங்க. பேச மட்டும் இல்லை. நாலு நாளாச்சு.

டீக்கடையில இப்ப அப்பாவைப் பத்தி யாரும் தப்பாப் பேசறதில்லை. உன்னால. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தமிழ்


ஒதியம்பட்டு
2 டிசம்பர் 2025

தமிழ்,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். உன்மேல் தவறில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். நீ அதை நம்பமாட்டாய். நீ என்னிடம் அப்படிச் சொன்னால் நானும் நம்பமாட்டேன். அதனால் விட்டுவிடுகிறேன்.

நீ போன பிறகு உன் அம்மா என்னிடம் வந்தார்கள். நான் பயந்துதான் போனேன். "நீ வாயில சொன்னத எழுதிக் குடு" என்றார்கள். அங்கேயே சங்கத்து லெட்டர் பேடில் எழுதினேன். "பச்சையப்பன் அவர்களின் கைபேசிக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை." படிச்சுக் காட்டு என்றார்கள். படித்தேன். இன்னொரு தரம் என்றார்கள். அதன்பின் சிவப்பிரகாசம் ஐயாவிடம் நீட்டி, "நீயும் போடு கையெழுத்து" என்றார்கள். அவர் போட்டார். பேப்பரை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்கள். என்னைத் திட்டவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

பத்து நாள் லீவு போட்டு எல்லாவற்றையும் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இனிமேல் அனுப்பியதை யாரும் கணக்கில் வைக்கப் போவதில்லை. போன் வாங்கிக்கொண்டேன் என்று பதில் சொல்ல வேண்டும். அதுவும் போதாது, ஆள் 'பார்த்தேன்' என்று தொட வேண்டும். விட்டுப்போனது எதுவானாலும் பக்கத்தைத் திறந்ததும் முதலில் வந்து நிற்கும். பக்கம் மூடியிருந்தாலும் போனே சத்தம் கொடுக்கிற வழியையும் சேர்த்துவிட்டேன், ஆனால் அதையும் எல்லாப் போனிலும் நம்ப முடியாது. இன்னும் 'பார்த்தேன்' வராதவர்கள் பெயர், நம்பர், நிலம் இருக்கிற இடம் எல்லாம் ஒரே பக்கத்தில் பட்டியலாக வரும்.

இதற்கு மேல் என்னால் எழுத முடியாது, தமிழ். ஐந்து நிமிஷம் கழித்தும் அந்தப் பட்டியலில் மிச்சம் இருக்கிற ஒவ்வொருவரையும் கூப்பிட ஒரு ஆள் வேண்டும். எடுக்காதவரைத் தேடிப் போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் தேவி பார்த்துக்கொள்கிறாள், சிவப்பிரகாசம் ஐயாவின் பெண். காலை நேரத்துக்கு ஆள் இல்லை. ஐயா உன்னைக் கேட்கத் தயங்குகிறார். நான் கேட்கிறேன்.

முடியாது என்றால் எழுது. புரிந்துகொள்வேன்.

செலின்


செலியமேடு
10 டிசம்பர் 2025

செலின்,

உனக்குப் பதில் எழுதாம இருந்தது முடியாதுன்னு இல்லை. கம்பெனில கேட்டு மத்தியான ஷிப்ட்டுக்கு மாறிட்டேன். அப்பா போனதுலேர்ந்து பீரோவுல போட்டுவச்ச என் போனை எடுத்துட்டேன். நேத்துக் காலைல நடந்ததை நீ உன் சர்வர்ல பார்த்திருப்பே, ஆனா அதுல தெரியாததும் இருக்கு. அதான் எழுதறேன்.

8.20க்கு அறிவிப்பு வந்தது. அஞ்சு நிமிஷம் அந்தப் பட்டியல் பக்கத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். அவங்கவங்க 'பார்த்தேன்' தொடத் தொட ஒவ்வொரு பேரா மறைஞ்சுது. 8.25க்கு முப்பத்தெட்டு பேர் மிச்சம். வரிசையா கூப்பிட்டு, சேதி சொன்னவங்க பேரைத் தொட்டுப் பட்டியல்லேர்ந்து எடுக்க ஆரம்பிச்சேன். பாதிப் பேர் வூட்டுலதான் இருந்தாங்க. ஒருத்தர் பாகூர் சந்தையில. ஒரு அம்மா, "ஏன்பா, வேல இல்லியா உனக்கு?"ன்னு கேட்டுட்டு வச்சிட்டாங்க. எட்டே முக்காலுக்கு ஒரே ஒரு பேர்தான் மிச்சம். வீரப்பன். எங்க நிலத்துக்கு ரெண்டு நிலம் தள்ளி, வளைவுக்கு அந்தப் பக்கம். ஏழு தடவை போட்டேன். அடிச்சுக்கிட்டே இருந்தது, எடுக்கலை.

வண்டியை எடுத்துக்கிட்டுப் போனேன். அப்பா போனதுக்கு அப்புறம் அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. மோட்டார் கொட்டகையைத் தாண்டும்போது பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன், பார்த்துட்டேன். கரையில ஏறி நின்னு பார்த்தா, வீரப்பன் கீழ மணல் திட்டுல குனிஞ்சு மாட்டுக்குப் புல் அறுத்துக்கிட்டிருக்காரு. கத்தினேன். கேட்கலை. எறங்கி ஓடினேன்.

"தண்ணி வுட்டிருக்காங்க, ஏறு மாமா"ன்னேன்.

"எங்க தண்ணி? மணலு காஞ்சு கெடக்குது. ஒரு கட்டு அறுத்துட்டு வரேன் போ."

"புல்ல வுடு, ஏறு."

"இன்னாடா அவசரம் உனக்கு? போன்ல சொல்லக் கூடாது?"

"உன் போன் எங்க?"

"வூட்டுல சார்ஜ்ல கெடக்குது."

நான் அவர் கையிலேர்ந்து அருவாளைப் பிடுங்கிட்டேன். அவர் என்னைக் கெட்ட வார்த்தையில திட்டினாரு. அம்மாவைச் சேர்த்துத் திட்டினாரு. திட்டிக்கிட்டே என் பின்னால அருவாளுக்காக ஏறி வந்தாரு. கரை மேல வந்தும் திட்டறதை நிறுத்தலை. நான் அருவாளை முதுகுக்குப் பின்னால வச்சுக்கிட்டு, எவ்வளவு வேணா திட்டுன்னு நின்னேன்.

ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குத் தண்ணி வந்தது. பெரிய வெள்ளம்னு சொல்ல முடியாது. ஆனா அந்தத் திட்டு போயிடுச்சு, அவர் அறுத்து வச்ச புல்லு கட்டோட போயிடுச்சு. வீரப்பன் பேச்சை நிறுத்திட்டுப் பார்த்தாரு. அப்புறம், "உங்கப்பனுக்கு யாருமே வந்து சொல்லலியேடா"ன்னாரு. நான் அருவாளை அவர்கிட்ட குடுத்துட்டேன். அவரை வண்டியில ஏத்தி அவர் வூட்டுல எறக்கிவிட்டேன்.

எங்க வூட்டுக்கு வந்தப்ப காலெல்லாம் சேறு. அம்மா வாசல்ல நின்னுக்கிட்டிருந்தாங்க. நான் போன் போட்டதையெல்லாம் உள்ளேர்ந்து கேட்டிருக்காங்க, ஏழு தடவை வீரப்பனுக்குப் போட்டதையும். பதினாறு நாளா பேசாதவங்க, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாங்க.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டாரும்மா."

கால் கழுவ ஒரு வாளித் தண்ணி கொண்டாந்து என் முன்னால வச்சிட்டு உள்ள போயிட்டாங்க. நான் கால் கழுவறதுக்கு முன்னால போனைத் திறந்து, பட்டியல்ல மிச்சம் இருந்த அந்த ஒரே பேரைத் தொட்டேன்.

தமிழ்